பெருங்குடியில் செய்தது, ‘பெருங்குடி’ என்று எழுதத் தெரியாது

நம்ம ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் மூன்று வகைதான் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரனுக்கு ஆணி பிடுங்கும் பெரிய கம்பெனி, சொந்தமாக எதையோ செய்து விற்கும் கம்பெனி, அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று யாருக்கும் தெரியாத ஸ்டார்ட்அப். நாலாவதாக ஒன்று இருக்கிறது மக்களே. காம்பொனென்ட் கம்பெனி. எங்கள் காலேஜ் ப்ளேஸ்மென்ட்டில் இந்த மாதிரி கம்பெனி வந்தால் பாதி பேர் ஃபார்ம் கூட வாங்குவதில்லை. “பட்டனும் டேபிளும் செய்றதுக்கா இன்ஜினியரிங் படிச்சோம்?” என்று கேட்கிறார்கள்.

முதலில் இவர்களுக்குப் பதில். பாடி பக்கம் போய்ப் பாருங்கள். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா எல்லாம் அங்கேதான். காரின் மேல் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டி யார் பெயரில் இருந்தால் என்ன? சாஃப்ட்வேரிலும் அதே கதைதான். 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் இதைத்தான் கேட்டார். தொழிற்சாலையில் உதிரிபாகம் செய்கிற மாதிரி சாஃப்ட்வேருக்கும் உதிரிபாகம் செய்து விற்றால் என்ன? தொண்ணூறுகளில் விஷுவல் பேசிக் வந்ததும் அது நிஜமான வியாபாரமாகிவிட்டது. இன்றைக்கு ஒரு பேங்க் தன் வெப்சைட்டுக்கு கிரிட், காலண்டர், சார்ட், பிடிஎஃப் எக்ஸ்போர்ட் வேண்டுமென்றால் தானே உட்கார்ந்து எழுதுவதில்லை. காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறது. பல்கேரியாவில் 2002-இல் கிளம்பிய டெலரிக் இந்த வியாபாரத்தில்தான் வளர்ந்து 2014-இல் ப்ரோக்ரெஸ் கம்பெனிக்கு விலைபோனது. 2001-இல் தொடங்கிய சிங்க்ஃப்யூஷனுக்குத் தலைமையகம் அமெரிக்காவின் வட கரோலினா, பெரிய டெவலப்மென்ட் சென்டர் நம்ம சென்னை.

ஆக, இது கேவலமான வேலை இல்லை. கஷ்டமான வேலை. ஒரு டெக்ஸ்ட்பாக்ஸில் நீங்கள் விடும் ஓட்டை, அதை வாங்கி மாட்டிய எல்லா வெப்சைட்டிலும் ஓட்டை. அதனால்தான் எனக்குக் கோபம்.

சென்ற விடுமுறையில் பெருங்குடியில் இப்படி ஒரு கம்பெனியில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனேன். பெயர் வேண்டாம். மேலே சொன்னவர்களில் யாரும் இல்லை. நல்ல மனிதர்கள், நல்ல காபி. இன்டர்னுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? டெமோ எழுதுவது. கிரிட்டில் டேட்டா போட்டு, சார்ட் செய்து, பிடிஎஃப்பாக இறக்கிக் காட்டுவது. அந்த டேட்டா எங்கிருந்து வருகிறது தெரியுமா? நார்த்விண்ட். மைக்ரோசாஃப்ட் தொண்ணூறுகளில் ஆக்ஸஸோடும் எஸ்க்யூஎல் சர்வரோடும் கொடுத்த மாதிரி டேட்டாபேஸ். ஆர்டர் நம்பர் 10248, வாடிக்கையாளர் வினெட். ஊழியர் பட்டியலில் நான்சி டவோலியோ. இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் நான்சியைத் தெரியும். சொந்த அத்தை பெண்ணின் பிறந்தநாள் தெரியாது, நான்சியின் பிறந்தநாள் தெரியும்.

ஒரு நாள் நான்சியை எடுத்துவிட்டு ஊர் என்ற இடத்தில் ‘பெருங்குடி’ என்று தமிழில் போட்டு பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டினேன். ப தனியாக வந்தது. அதற்குப் பின்னால், ரகரத்துக்கு முன்னால், கொம்பு அனாதையாக நின்றது. ரகரத்தோடு ஒட்ட வேண்டிய உகரம் தள்ளி நின்றது. பெருங்குடியில் உட்கார்ந்து செய்த சாமானுக்குப் பெருங்குடி என்று எழுதத் தெரியவில்லை!

இது ஏன் நடக்கிறது? யூனிகோடில் ‘பெ’ என்பதை ப முதலில், எகரக் குறி அடுத்து என்றுதான் சேமிக்கிறோம். திரையில் கொம்பை முன்னால் இழுத்து வைப்பது எழுத்துருவையும் அதைக் கோத்து வரையும் ஷேப்பிங் இன்ஜினையும் சேர்ந்த வேலை. ப்ரௌசரில் அது இருக்கிறது, அதனால் திரையில் சரியாகத் தெரியும். பிடிஎஃப் எழுதும் கோடில் அதை யாரும் சேர்க்கவில்லை. ஆங்கிலத்துக்கு அது தேவையே இல்லையே.

சரி, கிளறியாகிவிட்டது, மீதியையும் பார்ப்போம் என்று வரிசையாகச் சோதித்தேன்.

நீளம்: ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் ஐந்து என்கிறது. ‘கிருஷ்ணமூர்த்தி’ எட்டு எழுத்து, அதன் கணக்கில் பதினைந்து. பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து போதும் என்று எவரோ முடிவு செய்திருந்தால் பெரியவர் ‘கிருஷ்ணமூர்த’ ஆகிவிடுவார்.

வரிசை: யூனிகோட் எண்படி அடுக்கினால் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் வந்துவிடும். அதாவது அன்பழகன் முதலில், அப்பாதுரை பிறகு. நாம் படித்த நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது கிரிட்டுக்குத் தெரியவில்லை.

தேடல்: ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஒரு விதத்தில் ஏற்றிய கோமதியை இன்னொரு விதத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. ஏதோ ஒரு கவுண்டரில் ஒரு அம்மா நிற்கிறார் என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் தேடிப் பார்த்துவிட்டு “உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா” என்கிறார். அவர் பெயர் லிஸ்டில்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு யூனிகோட் தெரியாது. உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர் பெருங்குடியில் ஏசி ரூமில் நான்சியோடு இருக்கிறார்.

இதையெல்லாம் எழுதி டீம் லீடிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். “நல்லா பண்ணிருக்கப்பா. ஆனா தமிழ்ல யார் கேக்குறாங்க? ஒரு கஸ்டமர் டிக்கெட் கூட வந்ததில்ல” என்று கடைசிப் பிரையாரிட்டியில் போட்டுவிட்டார். அந்தப் பெட்டிக்குள் போன பக் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தனிப்பட்ட முறையில் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வாதம் மூன்று இடத்தில் ஓட்டை.

ஒன்று, யாரும் கேட்கவில்லை என்பது. உங்கள் கஸ்டமர் யார்? லைசென்ஸ் வாங்கிய டெவலப்பர். பெயர் உடைந்துபோனவர் அந்த டெவலப்பரின் கஸ்டமரின் கஸ்டமர். அவர் எப்படி ஐயா உங்களுக்கு டிக்கெட் போடுவார்? சத்தம் வரவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று அர்த்தமா?

இரண்டு, கஷ்டம் என்பது. இந்த மாதிரி லைப்ரரிகளின் விளம்பரத்தைப் பாருங்கள், வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கு ஆதரவு உண்டு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அரபிக்காகவும் ஹீப்ருவுக்காகவும் திரையையே கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போடுகிறீர்கள். கொம்பை ஒரு எழுத்து முன்னால் தள்ள முடியாதா? முடியும். அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லை என்று நினைக்கிறீர்கள். அதை நேராகச் சொல்லுங்கள், டெக்னாலஜி மேல் பழி போடாதீர்கள்.

மூன்று, செலவு என்பது. எழுத்துக் கோக்க ஹார்ஃப்பஸ் இருக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஆண்ட்ராய்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன, இலவசம், ஓப்பன் சோர்ஸ். மொழிவாரியாக அடுக்க கொலேட்டர், எழுத்து எண்ண செக்மென்ட்டர் எல்லாம் ப்ரௌசருக்குள்ளேயே ரெடியாக இருக்கின்றன. கோமதியைக் கண்டுபிடிக்க, தேடும் முன்னால் இரண்டு பக்கமும் நார்மலைஸ் செய்தால் போதும், ஒரு வரி. பிடிஎஃப் வேலைக்கு மட்டும் கொஞ்சம் நாளாகும். மற்றதெல்லாம் ஒரு ஸ்ப்ரின்ட்டுக்குள் அடங்கும்.

யூனிகோடில் தமிழ் 1991-இலேயே ஏறிவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில் தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வக் குறியீடாக அறிவித்தது. இன்னும் என்ன வரவேண்டும்? கட்டிட வாசல் போர்டில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்று இங்கே விதி உண்டு. வாசலில் தமிழ் பெரிதாக இருக்கிறது. உள்ளே செய்கிற டெக்ஸ்ட்பாக்ஸுக்கு விதி இல்லை, அதனால் அதில் தமிழும் இல்லை.

“அரசாங்கம் பார்த்துக்கணும், கம்பெனி என்ன செய்யும்” என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கு அது. கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. அந்தத் திரையைச் செய்தவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். சிமிட்ட முடியாத ஒருவரை அவர் டெஸ்ட் டேட்டாவில் நினைத்தே பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். பேதம் பெரும்பாலும் அப்படித்தான் நுழைகிறது. யாரும் வேண்டுமென்று யாரையும் வெளியே தள்ளுவதில்லை. மாதிரிப் பட்டியலில் சேர்க்காமல் விடுகிறோம்.

எனவே என் ஜூனியர்களுக்கு: காம்பொனென்ட் கம்பெனி வந்தால் தயவுசெய்து ஃபார்ம் வாங்குங்கள். நாலு லட்சமா நாற்பது லட்சமா என்ற கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பெரிய கம்பெனியில் ஒரு வெப்சைட்டைத்தான் தொடுவீர்கள், இங்கே தொட்டது ஆயிரம் இடத்துக்குப் போகும். போன முதல் நாளே உங்கள் தாத்தா பெயரை டெஸ்ட் டேட்டாவில் போடுங்கள். உடைந்தால் பக் போடுங்கள். மூடினால் திரும்பத் திறங்கள்.

லீடுகளுக்கும் டேமேஜர்களுக்கும் ஒரே வேண்டுகோள். நான்சியை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லவில்லை, பாவம், ரொம்ப வருடமாக உழைக்கிறார். அவர் பக்கத்தில் கோமதிக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். அடுத்த ரிலீஸுக்கு முன்னால் ‘பெருங்குடி’ என்று தட்டச்சு செய்து பிடிஎஃப்பாக இறக்கிப் பாருங்கள். சரியாக வந்தால் ரிலீஸ் செய்யுங்கள். வராவிட்டால், அந்த சாமான் இன்னும் தயாராகவில்லை.