மலையடிவாரக் குறிப்புகள்: பறவைப் படமும் ஒளியின் அளவும்

அலிபிரிப் படிகளில் ஏறும் அன்பர்கள் பலர் இப்பொழுது பறவைகளையும் கண்டு வருகின்றனர். முன்பு கோபுரங்களையும் குடும்பத்தாரையும் மட்டுமே படம் எடுத்துவந்த கைகள் சின்னானையும் கரிச்சானையும் எடுக்கத் தொடங்கிவிட்டன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அப்படங்கள் பிறருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு விந்தை நிகழ்கின்றது. ஒரே படம் ஒருவர் கைப்பேசியில் நண்பகலாகவும் மற்றொருவர் கைப்பேசியில் அந்தியாகவும் தோன்றுகின்றது. எடுத்தவர் மஞ்சள் என்கின்றார். பார்த்தவர் பச்சை என்று சாதிக்கின்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. இவ்வழக்கை விசாரிக்கவே இம்மாதம் இப்பகுதியை ஒதுக்கினோம்.

வழக்கு அற்பமானதன்று. சேஷாசல மலைத்தொடரில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்றொரு பறவை வாழ்கின்றது. தென்னிந்தியாவில் பாறையும் புதரும் கலந்த குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலைக்கும் கன்னட நாட்டு நந்தி மலைக்கும் அதைத் தேடியே செல்வோர் உண்டு. அழியும் வாய்ப்புக்கு ஆளான இனங்களின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. அதே வகைப் புதர்களில் வெண்புருவச் சின்னானும் திரிகின்றது. இது பரவலாகக் காணப்படுவது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். இரண்டிற்கும் வாலடியில் மஞ்சள். முன்னதற்குத் தலையும் தொண்டையும் மஞ்சளாயிருக்கும், கண்ணின்மேல் கோடு இராது. பின்னதற்குக் கண்ணின்மேல் வெண்புருவம் இருக்கும். படம் மிகுதியாக வெளுத்தால் அப்புருவம் முகத்தோடு கலந்து மறைகின்றது. இருண்டுவிட்டாலோ, மஞ்சள் தொண்டை அழுக்குப் பச்சையாகிவிடுகின்றது. இல்லாத அரிய பறவை இருந்ததாகவும், இருந்த அரிய பறவை இல்லாததாகவும் ஏட்டில் ஏறிவிடும். 2002ஆம் ஆண்டு தொடங்கிய ஈபேர்டு போன்ற பதிவேடுகளில் ஐயத்திற்குரிய பறவையைச் சரிபார்ப்போருக்குப் படமே பெரிய சாட்சி. சாட்சி குழறினால் தீர்ப்பும் குழறும்.

படம் எத்துணைப் பெரிய சாட்சி என்பதற்கு நம் அண்டை மாவட்டமாகிய கடப்பையே சான்று. தெலுங்கில் கலிவிகோடி என்று வழங்கும் ஜெர்டன் கோர்சர் 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டிருந்தது. 1986இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இரவில் மட்டும் நடமாடும் அப்பறவையை நேரில் காண்பது அரிது. எனவே லங்கமல்லேசுவரர் காட்டில் ப. ஜெகநாதன் முதலிய ஆய்வாளர்கள் தரையில் மென்மண் பரப்பிக் காலடித் தடம் பார்த்தனர். தானே இயங்கும் காமிராக்களையும் வைத்தனர். அம்முறையைப் பற்றிய அவர்கள் கட்டுரை 2002இல் வெளிவந்தது. அப்பறவையின் அடையாளங்களுள் ஒன்று மார்பிலுள்ள இரண்டு பட்டைகள். ஒளி மிஞ்சிப் பட்டைகள் கரைந்துபோன படம் ஒன்று வந்திருந்தால் அதை எவர் ஏற்பார்?

இனிக் காமிராவின் குணத்தைச் சற்று அறிவோம். அதற்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும், அது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் நிறப் பொருள் என்றே எண்ணிக்கொள்ளும். சட்டம் முழுவதும் நிறையுமாறு வெண்கொக்கை எடுத்தால், அதைச் சாம்பலாக்கித் தரும். ஆனால் கரும்புதரின் நடுவே சிறிதாக நிற்கும் கொக்கை எடுத்தால், புதரை வெளுக்கச் செய்யும் முயற்சியில் கொக்கு சுண்ணாம்புக் கட்டியாகி இறகே தெரியாமற் போகும். வானத்தை முதுகாகக் கொண்டு கம்பியில் அமர்ந்த கரிச்சான் வெறும் நிழலாகிவிடும். ஆகவே கொக்கு வெள்ளை என்பதற்காகக் கூட்டு, கரிச்சான் கறுப்பு என்பதற்காகக் குறை என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை. சட்டத்தின் பெரும்பகுதியை எது அடைத்துக்கொண்டிருக்கின்றது என்று பார்த்தே ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். காமிராவில் கூட்டல் கழித்தல் குறி பொறித்த பொத்தான் இதற்கென்றே உள்ளது. அதில் ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும், குறைத்தால் பாதியாகும். கைப்பேசியிலோ பறவையின்மேல் விரலை வைத்தால் ஓரத்தில் சூரியன் போன்ற குறி தோன்றும். பெரும்பாலானவற்றில் அதை நகர்த்தியே ஒளியை மாற்றலாம்.

அலிபிரி வழியில் இச்சிக்கல் இரட்டிப்பாகின்றது. சுமார் 3550 படிகளைக் கொண்ட அப்பாதையின் பெரும்பகுதிக்கு மேற்கூரை உண்டு. நாம் நிற்பது நிழலில். பறவை இருப்பது வெயிலில். கூரையின் விளிம்பும் தூணும் சட்டத்துள் புகுந்தால் காமிரா அந்த இருட்டைக் கண்டு அஞ்சி ஒளியைக் கூட்டிவிடும். வெளியே பாறைமேலிருக்கும் பறவை வெந்துபோகும். தூணை விலக்கி எடுத்தாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. வெயில்பட்ட வெளிறிய பாறை சட்டத்தை நிறைக்கும்போது காமிரா ஒளியைக் குறைக்கும். அப்பொழுது பறவை இருண்டுவிடும். அங்கே முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பார்ப்பது நலம்.

மஞ்சள் நிறத்திற்குத் தனிக் கவனம் வேண்டும். திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒளி. அவ்விரண்டும் உச்சவரம்பைத் தொட்டுவிட்டால் இறகின் வரிகள் அழிந்து, மஞ்சள் பூசிய சுவர்போலாகிவிடும். பின்னர் எத்துணைத் திருத்தினாலும் அவை மீளா. படத்தின் மொத்த ஒளியைக் காட்டும் வரைபடம் ஒழுங்காகத் தோன்றும்போதே சிவப்பு மட்டும் வரம்பு மீறியிருப்பது உண்டு. ஹிஸ்டோகிராம் எனப்படும் அவ்வரைபடத்தை மூன்று நிறங்களாகப் பிரித்துக் காட்டும் வசதி உங்கள் காமிராவில் இருந்தால் அதையே நம்புங்கள். காமிராவின் முதுகிலுள்ள சிறு திரையின் பளபளப்பை நம்பாதீர்கள்.

நல்லொளி கிடைக்கும் விடியற்காலை வனவிலங்குகள் நடமாடும் வேளையும் ஆகும். 2023 ஆகஸ்டில் இவ்வழியில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதன்பின் நடைபாதைக்கு நேரக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அவை அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் கேட்டறிக. படத்திற்காகப் பாதையை விட்டு இறங்கவே வேண்டா.

எடுத்த படம் செம்மையாக இருந்தும் அனுப்பியபின் கெடுவது ஏன்? முற்காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இல்லை. நம் அ. மாதவையாவின் புதல்வர் எம். கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் பெயர் பெற்றவை. தாளில் ஏறிய படத்தின் கறுப்பும் வெள்ளையும் அதோடு நிலைத்துவிடும். யார் கையில் எடுத்துப் பார்த்தாலும் தாள் ஒன்றே. இன்றைய படமோ தாளில் இல்லை, விளக்கில் இருக்கின்றது. விளக்கு அவரவர் வீட்டு விளக்கு. 1999இல் சர்வதேச அளவில் வரையறுத்த எஸ்ஆர்ஜிபி என்னும் நிற ஒழுங்கு, மங்கலான அறையில் சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா ஒளிரும் திரையை மனத்திற்கொண்டது. வெயிலில் பிடித்த இன்றைய கைப்பேசிகள் பல அதைப்போலப் பத்து மடங்கிற்கு மேலும் ஒளிர்கின்றன. நள்ளிரவில் மங்கிய திரையைப் பார்த்துத் திருத்துகின்றவர் படத்தை அளவுக்கு மீறி வெளுக்கச் செய்கின்றார். நண்பகலில் முழு ஒளியில் திருத்துகின்றவர் இருளச் செய்கின்றார். அச்சுக்குப் போனால் அது இன்னும் இருளும்.

இதற்குக் காசில்லாத சோதனை ஒன்றுண்டு. கைப்பேசியில் தானாக ஒளி மாறும் ஏற்பாட்டையும், இரவில் மஞ்சள் பூசும் ஏற்பாட்டையும் நிறுத்துங்கள். பகலில், வீட்டினுள் நிழலான இடத்தில் அமர்ந்து வெறும் வெள்ளைத் திரையைத் திறந்து, அதன் அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவு வெண்மையாகத் தோன்றும்வரை திரையின் ஒளியைக் குறைத்து, அந்நிலையிலேயே படத்தைத் திருத்துங்கள். புதுக் கைப்பேசிகள் சில, ஒளிமிக்க பகுதிகளைத் தம் திரையில் மேலும் மின்னச் செய்யும் வகையில் படத்தைச் சேமிக்கின்றன. அது தம் திரையில் தங்கமாகவும் பிறர் திரையில் பித்தளையாகவும் காண்பது இயல்பு.

அனுப்பும் முறைக்கு வருவோம். படத்தை எஸ்ஆர்ஜிபி ஒழுங்கில், அக்குறிப்பு கோப்பினுள் இருக்குமாறு சேமியுங்கள். அடோப் ஆர்ஜிபியில் சேமித்தது, நிறக்குறிப்பைப் படிக்கத் தெரியாத திரையில் வெளிறிக் காணும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் உள்ளபடி போய்ச் சேரும். பறவையை மட்டும் வெட்டி எடுக்காமல் சிறிது பாறையையும் இலையையும் விட்டுவையுங்கள். பார்ப்பவருக்குப் பாறையின் நிறம் தெரிந்திருந்தால் பறவையின் நிறத்தை அதனோடு ஒப்பிட்டுக்கொள்வார். திருத்தாத மூலப்படத்தையும் அழிக்காதீர்கள். எடுத்த நாளும் நேரமும் அதனுள் பதிந்திருக்கும். இடத்தை மட்டும், எத்தனையாவது படியருகே என்பது உட்பட, தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.