இரட்டைக் குழந்தைகளும் ஒரு பள்ளிக்கூடமும்

ஒட்டியிருக்கும் இரட்டை வாழைப்பழத்தைக் கல்யாணமான பெண்கள் தின்னக்கூடாது என்று எங்கள் பாட்டி சொல்வாள். தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்குமாம். இரட்டைப் பிரசவத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த சாஸ்திரம் அவ்வளவுதான். பழத்தைத் தின்னாமலே இரட்டை வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தச் சாஸ்திரத்தில் ஒரு வரியும் கிடையாது.

இந்த வாரம் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு கடிதம். என்னிடம் பத்தாவது வகுப்பில் படித்து, இப்போது இங்கிலாந்தில் குடித்தனம் செய்யும் ஒரு பெண் எழுதியது. முழுதாக எட்டுப் பக்கம்; பரீட்சையில்கூட அவள் எனக்கு இவ்வளவு எழுதியதில்லை. இரட்டைக் குழந்தைகளை எதிர்பார்க்கும் தம்பதிகளுக்கென்றே ஆஸ்பத்திரி மருத்துவச்சி ஒருத்தி நடத்திய வகுப்புக்குத் தானும் கணவனும் போய்வந்த கதையை அதில் விவரித்திருந்தாள்.

மருத்துவச்சி என்றதும் சுருக்குப் பையும் வெற்றிலையுமாய் வரும் கிழவியை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 1902-ஆம் வருஷமே சட்டம் செய்து மருத்துவச்சிகளைப் பதிவு செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டார்கள். இன்று அந்த வேலைக்கு வருகிறவர்கள் சாதாரணமாக மூன்று வருஷம் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். சிக்கலில்லாத கர்ப்பத்தைத் தாமே கவனித்துப் பிரசவமும் பார்க்கிறார்கள். இரட்டை என்றால், அதில் தனி அனுபவமுள்ள டாக்டரும் மருத்துவச்சியும் ஸ்கான் எடுப்பவரும் ஒன்றுகூடிக் கவனிக்க வேண்டும் என்று, 2011-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்ட அந்நாட்டு வைத்திய வழிகாட்டி கூறுகிறது.

கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்துவது அங்கே புதிதல்ல. இந்த வகுப்பின் விசேஷமெல்லாம் அதன் தேதியில் இருக்கிறது. சாதாரண வகுப்பு, பிரசவத்துக்கு எட்டு அல்லது பத்து வாரம் இருக்கையில், அதாவது 30 அல்லது 32-ஆவது வாரத்தில் தொடங்கும். இரட்டையைச் சுமப்பவர்களோ 24-ஆவது வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள். வருஷந்தோறும் பாடத்திட்டம் வகுத்துப் பழகிய எனக்குக் காரணம் சட்டென்று விளங்கிவிட்டது. இவர்களுக்குப் பரீட்சைத் தேதி முந்தி வரும்! அந்த வழிகாட்டியின் கணக்குப்படி, 100 இரட்டைக் கர்ப்பங்களில் சுமார் 60, 37 வாரம் நிறையுமுன் தாமாகவே பிரசவமாகிவிடுகின்றன. 32-ஆவது வாரத்தில் முதற் பாடத்தைத் திறந்தால், கடைசிப் பாடத்துக்குப் பலர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான் ஆஜர் கொடுக்க வேண்டியிருக்கும்.

வகுப்பில் அந்த அம்மாள் கேட்ட முதற் கேள்வி, “உங்கள் குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?” என்பது. ஆணா, பெண்ணா என்பதைவிட இதுவே முக்கியமாம். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கானில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒரே நஞ்சை இருவர் பங்கிட்டுக்கொண்டால், சில சமயம் ஒரு சிசுவின் இரத்தம் அளவுக்கு மீறி மற்றொன்றுக்குப் போய்விடும். ஆகையால் 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை ஸ்கான் எடுத்துப் பார்க்கிறார்கள். தனித்தனி நஞ்சானால் அவ்வளவு அடிக்கடி வேண்டியதில்லை. பிரசவம் தானாக ஆகாவிட்டாலும், சிக்கலில்லாத இரட்டைக்குத் தனி நஞ்சானால் 37, ஒரே நஞ்சானால் 36 வாரம் ஆனதும் குழந்தைகளை வெளியே கொண்டுவந்துவிட யோசனை சொல்கிறார்கள்.

பிறகு, முன்கூட்டி வரும் பிரசவத்தின் அடையாளங்கள். வயிறு விட்டுவிட்டு இறுகுவது, இடுப்பில் ஓயாத வலி, கீழே அழுத்துவது போன்ற உணர்ச்சி, நீர் கசிவது, இரத்தம் காண்பது. இவற்றில் எது வந்தாலும் நடுநிசியானாலும் டெலிபோன் செய்யுங்கள். வீண் சிரமம் கொடுத்தோமே என்று கூசாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாளாம். குறைமாதம் என்றால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி உண்டு. ஆனால் அது வேலை செய்ய அவகாசம் வேண்டும்.

இந்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு முன் என் தமக்கைக்கும் இரட்டை. எட்டாம் மாதம் பிறந்த சில நாளில், ஒரு மாலை, இடுப்பு வலிக்கிறது, வயிறு இறுகி இறுகி விடுகிறது என்றாள். சூட்டு வலி என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். சீரகக் கஷாயம் கொடுத்தார்கள். இராத்திரி பத்து மணிக்கு அத்தான் என்னைத் தனியே அழைத்து, “கார் கொண்டுவரச் சொல்லலாமா?” என்று கேட்டார். அந்த வீட்டில் பட்டம் பெற்றவன் நான் ஒருவன்தான். “இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, விடியட்டும்” என்றேன். விடியும் வரையில் அவர்கள் காத்திருக்கவில்லை. முதற் குழந்தை வழியில் காரிலேயே பிறந்தது, இரண்டாவது ஆஸ்பத்திரியில். முதற் குழந்தை நான்கு நாள் இருந்தது.

கடிதத்தின் மிச்சம் கொஞ்சம் சிரிக்கத்தக்கதுதான். வகுப்பில் தகப்பன்மாரின் கையில் ஆளுக்கு இரண்டு பொம்மைகளைக் கொடுத்து, ஒன்றைக் கீழே போடாமல் மற்றதற்குத் துணி மாற்றச் சொன்னார்களாம். தசரதன் அரண்மனையில் நான்கு குழந்தைகளுக்கு மூன்று தாய்மார், தாதிகளுக்குக் கணக்கில்லை. லக்ஷ்மணனும் சத்துருக்கனனும் இரட்டையர் என்பது சுமித்திரைக்கு ஒரு பாரமாகவே தெரிந்திராது. இங்கிலாந்தில் ஒரு சின்ன வீட்டில் தாயும் தந்தையுமாக இருவரே இரவு முழுதும் விழிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே சமயத்தில் பாலூட்டும் வித்தையையும் காட்டினார்கள். பந்தாட்டக்காரன் பந்தை இடுக்கிக்கொள்வது போல் என்பது அவர்கள் உவமை. கக்கத்துக்கு ஒன்றாகக் குடையை இடுக்குவது போல் என்று நாம் சொல்லலாம். இருவருக்குப் பால் போதுமா என்ற கவலைக்கு, குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்பது பதில். இறைக்கிற கிணறு ஊறும் என்பது நமக்கும் தெரிந்ததே. குறைமாதக் குழந்தைகளின் வார்டையும் முன்கூட்டியே அழைத்துப்போய்க் காட்டினார்களாம். சின்னஞ்சிறு குழந்தையைத் தாயோ தந்தையோ வெறும் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் முறையை அங்கே பார்த்தாளாம். கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், போதிய சாதனங்கள் இல்லாத ஓர் ஆஸ்பத்திரியில் 1978-இல் பிறந்த முறை அது. செல்வம் மிகுந்த நாடுகளும் இன்று அதைப் பின்பற்றுகின்றன.

வகுப்பு முடிந்து வீடு திரும்பியதும் அவள் செய்த முதற் காரியம், ஊரிலிருக்கும் தன் தாயாருக்கு டெலிபோன் செய்தது. பத்தாம் மாதத்துக்கு வாங்கியிருந்த விமான டிக்கெட்டை ஆறு வாரம் முன்னே தள்ளச் சொன்னாள். “வளைகாப்புக்கு முன்பே பிரசவம் பார்க்கப் புறப்படுகிறவள் நான்தான்” என்று தாயார் முணுமுணுத்தாளாம். ஆனாலும் டிக்கெட்டை மாற்றினாள். அவள் போய் இறங்கிப் பதினோராம் நாள், 35-ஆவது வாரத்தில், இரவு ஒரு மணிக்குப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டது. ஒன்றேகால் மணிக்கு டெலிபோன் செய்துவிட்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு வாரம் வார்டில் இருந்துவிட்டு, இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கடிதத்தோடு படமும் வைத்திருந்தாள்.

கடிதத்தை என் தமக்கைக்குப் படித்துக் காட்டினேன். அவளுடைய பிள்ளை கல்லூரிக்குப் போயிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த வகுப்புக்கு ஆண்பிள்ளைகளையும் கூப்பிடுகிறார்களா, தம்பி?” என்றாள்.

கூப்பிடுகிறார்கள் என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.