நாய் காட்டும் அபாய அறிவிப்பு!

பிரேசில் நாட்டில், சாவோ பாலோ மாநிலத்தில், அரசத்தூபா என்று ஒரு நகரம் இருக்கிறது. சுமார் 2 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள்.

1997-ம் ஆண்டு அந்த ஊரில் ஒரு வகைச் சின்னஞ்சிறு ஈ பிடிபட்டது.

1998-ல் ஊர் நாய்களிடம் ஒரு நோய் காணப்பட்டது.

1999-ல் அதே நோய் மனிதரைத் தாக்கியது!

முதலில் ஈ. பிறகு நாய். கடைசியில் மனிதன்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். எந்தத் தெருவில் நாய்க்கு நோய் வந்தது என்பதை உடனே தெரிந்துகொண்டால், அந்தத் தெருக் குழந்தைக்கு நோய் வருமுன் தடுக்க வழி உண்டு. அதற்காகத்தான் பிரேசில் சுகாதார ஊழியர்கள் நாய்களின் நோயை வரைபடத்தில் குறித்து வருகிறார்கள்.

என்ன நோய்?

நோயின் பெயர் காலா அசார். கருங்காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

காய்ச்சல் வாரக்கணக்கில் விடாது. உடல் மெலியும். ரத்தம் குறையும். மண்ணீரலும் ஈரலும் வீங்கி வயிறு உப்பும். சிகிச்சை இல்லாமல் விட்டால், 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். காலத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு, குணமாகும்.

இந்தக் கிருமியின் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. 1903-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் டோனோவன் இதைக் கண்டார். அதே ஆண்டில் லீஷ்மன் என்ற டாக்டரும் இதைப் பற்றி எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்தே கிருமிக்குப் பெயர் வைத்தார்கள்.

பிரேசிலில் இருப்பது அதன் உறவுக் கிருமி. அது நாயின் உடலில் குடியிருக்கும். 1908-ல் டூனிஸ் நகரில் டாக்டர் நிக்கோல் நாயின் உடலில் இதைக் கண்டுபிடித்தார்.

நாய் கடித்தால் வருமா?

வராது. நாயைத் தொட்டாலும் வராது. நோயைச் சுமந்து வருவது மணல் ஈ.

கொசுவை விடச் சிறியது இது. சத்தமே இல்லாமல் பறக்கும். மாலையிலும் இரவிலும் கடிக்கும். கொசுவைப் போலத் தண்ணீரில் முட்டை இடாது. அழுகிய இலை, சாணம், கோழிக் கூண்டைச் சுற்றிய ஈர மண், இவைதான் அதன் பிறப்பிடம். நோய் கண்ட நாயைக் கடித்த ஈ, பிறகு மனிதனைக் கடித்தால் கிருமி புகுந்துவிடும்.

இந்தியாவில் பீகார் பக்கம் கண்ட காலா அசார் வேறு வகை. அங்கே மணல் ஈ மனிதனிடமிருந்தே மனிதனுக்குக் கிருமியைக் கொண்டுபோகிறது. ஆகவே பிரேசில் செய்தியைப் படித்துவிட்டு நம் தெரு நாயின் மேல் யாரும் கல் எறிய வேண்டாம்!

படம் எப்படித் தயாராகிறது?

சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். நாயின் ரத்தத்தில் சில துளி எடுத்துச் சோதிக்கிறார்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தால், ஆய்வுக்கூடத்தில் இன்னொரு முறை சோதிப்பார்கள். உறுதியானதும் அந்த வீட்டை வரைபடத்தில் குறிப்பார்கள். இரவில் விளக்குப் பொறி வைத்து ஈ பிடித்து, அதையும் அதே படத்தில் குறிப்பார்கள்.

கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது. நோய் முற்றிய நாய்க்கு முடி கொட்டும், நகம் நீளும், உடல் வற்றும். ஆனால் கிருமி உள்ள பல நாய்கள் கொழுகொழு என்று ஓடி விளையாடும்!

புள்ளிகள் நெருங்கிய தெருவில் முதலில் குப்பையை அகற்றுவார்கள். பூச்சிமருந்து அடிப்பார்கள். காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாக யாராவது வந்தால் இந்த நோயா என்று பாருங்கள் என அந்தப் பகுதி டாக்டர்களுக்குச் சொல்வார்கள்.

மூடிய கதவு

இத்தனை இருந்தும் ஒரு சிக்கல். நோய் கண்ட நாயைக் கொல்வதுதான் பிரேசிலில் பல பத்தாண்டுகளாக நடந்த முறை.

பிள்ளையோடு பிள்ளையாக வளர்ந்த நாயைப் பிடித்துக் கொடுக்க எந்த வீட்டுக்கு மனம் வரும்? சிலர் நாயை ஒளித்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. நாயை இழந்தவர்கள் புதுக் குட்டி வாங்கினார்கள். அதையும் ஈ கடித்தது. நாயைக் கொல்வதால் மனிதருக்கு நோய் குறைகிறதா என்று ஆராய்ச்சியாளர்களே சந்தேகம் எழுப்பினார்கள்.

கதவு மூடிய வீட்டில் புள்ளி விழாது. படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். நோய் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து!

2016-ல் நாய்க்குச் சிகிச்சை செய்ய ஒரு மருந்தை பிரேசில் அரசு அனுமதித்தது. செலவு நாய் வளர்ப்பவருடையது. கிருமியும் முழுவதும் நீங்குவதில்லை. 2021-ல் இன்னொரு வழி வந்தது. மணல் ஈயை விரட்டிக் கொல்லும் மருந்து ஊறிய கழுத்துப் பட்டை! நோய் மிகுந்த ஊர்களில் அரசே நாய்களுக்கு அதைக் கட்ட முடிவு செய்தது. அதனால் கொல்லும் முறை அடியோடு நின்றுவிடவில்லை. ஆனாலும் கொலைக்குப் பதில் காப்பு என்ற எண்ணம் வந்தது.

இதனால் நாய் மட்டும் அல்ல, படமும் பிழைக்கும். பட்டை கொண்டு வருபவருக்கு வீட்டுக்காரர் கதவைத் திறப்பார். கதவு திறந்தால் உண்மை தெரியும். உண்மை தெரிந்தால் குழந்தை பிழைக்கும்.

படம் வரைவது சுகாதார ஊழியர் வேலை. அதை உண்மையான படமாக்குவது, பயமில்லாமல் கதவைத் திறக்கும் குடும்பம்தான்.