சின்னத்தின் மேல் இழுத்துவிட்ட கோப்பு

வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நெய்த போர்வைகளையும் துண்டுகளையும் கைப்பேசியில் படம் பிடித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் 40 படங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, அளவைக் குறைத்து, வேறு பெயரில் சேமித்து மூடுவதற்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 80 நிமிடங்கள் கரைந்துவிடும். இந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. “கம்ப்யூட்டர் படிக்கறயில்ல கண்ணு, செஞ்சு குடு” என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம்தான் வந்து சேரும்.

பிள்ளை என்ன செய்கிறது? ஒன்று, நாற்பதையும் கையால் செய்து முடிக்கிறது. அல்லது, படங்களை இலவசமாகச் சுருக்கித் தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறது. இரண்டாவது வழியை நான் கடுமையாக மறுக்கிறேன். சந்தைக்கு இன்னும் போகாத புது டிசைன், நெசவாளரின் முதல் அல்லவா? அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் யாராவது கொடுத்துவைப்பார்களா?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அளவைக் குறைக்கும் வேலையைப் பைத்தான் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். இத்தகைய சிறு ஆணைத் தொகுப்பை ஸ்கிரிப்ட் என்பர். அதற்குத் திரையில் ஒரு சின்னம் அமைத்து, நாற்பது கோப்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அதன் மேல் இழுத்துவிட்டால் போதும். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதற்கு வேண்டிய அறிவு நம் மாணவர்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை! 2019-இல் வெளிவந்த தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம் ஒன்று உள்ளது. அங்கே ‘சிஸ்.ஆர்க்வி’ என்னும் பட்டியல் விளக்கப்படுகிறது. பெரும்பாலோர் அதை மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆனால் சின்னத்தின் மேல் இழுத்துவிட்ட கோப்பு ஸ்கிரிப்டை அடையும் வாசல் இந்தப் பட்டியலேயாகும்.

உண்மையில் அந்த வாசல் வழியாகக் கோப்பு போவதில்லை; அதன் முகவரி மட்டுமே போகிறது. பட்டியலின் 0-ஆம் இடத்தில் ஸ்கிரிப்டின் பெயரும், 1-ஆம் இடத்திலிருந்து கோப்புகளின் முகவரிகளும் அமரும். தபால்காரரிடம் வீட்டையா கொடுக்கிறோம்? வீட்டின் முகவரியைத்தானே!

விண்டோசில் ‘அனுப்பு’ப் பட்டியலுக்கான கோப்புறையில் நம் ஸ்கிரிப்டின் குறுக்குவழியை வைத்துவிட்டால், வலது சொடுக்கிலேயே வேலை நடக்கும். லினக்சில் சின்னத்துக்கென்று ஒரு சிறு உரைக்கோப்பு எழுத வேண்டும். அதில் சதவீதக் குறியோடு ஆங்கிலச் சிறிய எஃப் எழுதினால், நாற்பது கோப்புகளுக்கு ஸ்கிரிப்ட் நாற்பது முறை தனித்தனியாகப் புறப்படும். பெரிய எஃப் எழுதினால் ஒரே முறை புறப்பட்டு, நாற்பது முகவரிகளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஓர் எழுத்தின் அளவில் இவ்வளவு வேறுபாடு!

இனி, அபாயத்துக்கு வருவோம். கோப்பின் பெயர் ‘வெள்ளகோவில் போர்வை 1’ என்றிருக்கட்டும். நமக்கு அது ஒரே பெயர். ஆணைகளைப் படிக்கும் ஷெல்லுக்கோ இடைவெளி என்றால் சொல் முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் அதை மூன்று கோப்புகளாக எண்ணிக்கொண்டு, மூன்றையும் காணவில்லை என்று நிற்கும். நான் சொன்ன பாடநூல் நிரலும் கோப்பின் பெயரை ஆணையோடு வெறுமனே ஒட்டித்தான் ஷெல்லிடம் கொடுக்கிறது. பெயரில் இடைவெளி உள்ள ஒரு நிரலைக் கொடுத்துப் பாருங்கள், அது தடுக்கி விழும். ‘சப்பிராசஸ்’ தொகுதியைப் பயன்படுத்திப் பெயர்களைப் பட்டியலாகவே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதையும் வகுப்பிலேயே சொல்லித் தந்தால் என்ன?

கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிட்டால் நல்ல காலம். 2011-இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்கவேண்டிய கோப்புறையின் முகவரிக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தது. முகவரி இரண்டாக உடைந்தது. முதல் துண்டு ‘யுஎஸ்ஆர்’ கோப்புறை; பெரும்பாலான நிரல்கள் குடியிருக்கும் இடம் அது. நிறுவியவர்களின் கணிப்பொறியில் அந்த இடமே துடைத்தெடுக்கப்பட்டது. எழுதியவர்கள் அனுபவமுள்ளவர்களே.

“இதனால்தான் மாணவர்கள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது” என்று சில பெரியவர்கள் கூறலாம். எனக்கு அது உடன்பாடன்று. அமிலம் சுடும் என்பதற்காக வேதியியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டோமா? சோதனைக்குழாயை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தோம். இங்கும் அப்படியே. மூலப் படங்களைத் தொடாமல் நகல்களில் மட்டும் வேலை செய்ய வேண்டும். அழிக்கும் ஆணையை முதல் ஸ்கிரிப்டில் எழுதவே கூடாது.

முதல் ஸ்கிரிப்ட் ஒன்றும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தன்னிடம் வந்த முகவரிகளை வரிக்கு ஒன்றாகத் திரையில் எழுதிக்காட்டினால் போதும். அதன் மேல் மூன்று கோப்புகளை இழுத்துவிடுங்கள். ஒன்றின் பெயரில் இடைவெளி இருக்கட்டும். ஒன்றின் பெயர் தமிழில் இருக்கட்டும். திரையில் மூன்று வரிகள் வருகின்றனவா, நான்கா, ஐந்தா என்று எண்ணிப் பாருங்கள்.