டெஸ்ட் பாஸ், கணக்கோ பிழை!

எமது கடைகளிலிருந்து ஓடர் கொப்பி மெல்ல மெல்ல விடைபெற்று வருகின்றது. சேல்ஸ் ரெப்மார் கையடக்கத் தொலைபேசியிலேயே ஓடர் எடுக்கின்றனர். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்காக நான் படித்த பாடத்தை வியாபார நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எனது மொத்த விற்பனைக் கடைக்கு ஓடர் எடுக்கும் செயலி ஒன்றைச் செய்வித்தேன். செய்துதந்த இளைஞர் கொம்பியூட்டர் திரையைக் காட்டி, "நானா, டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்றார். வரிசையாகப் பச்சை அடையாளங்கள். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வாரம், புத்தளம் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் அழைத்தார். "ஹாஜியார், பத்து மூடை சீனிதானே கேட்டேன். இருபது மூடை இறக்கி, இருபதுக்கும் பில் போட்டிருக்கீங்களே!" பதினைந்து வருடப் பழக்கம். சீனியைத் திருப்பி எடுத்துவிடலாம். அவருடைய குரலில் இருந்த சந்தேகத்தை எப்படித் திருப்பி எடுப்பது?

நடந்தது இதுதான். ரெப் அனுப்பிய ஓடர் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "கிடைத்தது" என்ற பதில் திரும்பி வரும்போது சிக்னல் அறுந்துவிட்டது. பதில் வராததால் செயலி தானாகவே மீண்டும் அனுப்பியது. சேர்வர் அதைப் புதிய ஓடராகப் பதிந்துகொண்டது.

அப்படியானால் டெஸ்ட் எப்படிப் பாஸானது? தானியங்கிப் பரிசோதனை என்பது, மனித விரலுக்குப் பதிலாக இன்னொரு புரோகிராம் செயலியை இயக்கிப் பார்ப்பதாகும். அந்தத் தம்பியின் பரிசோதனைகளில் ஒன்றுகூட உண்மையான சேர்வருடன் பேசவில்லை. எதை அனுப்பினாலும் "200", அதாவது 'சரி' என்று சொல்லும் பொம்மைச் சேர்வரொன்றை இடையில் வைத்திருந்தார்.

பொம்மை வைப்பது தவறல்ல. அது வேகமானது, இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் அந்தப் பொம்மைக்கு "500" என்று கோளாறு சொல்லவும், பதிலே சொல்லாமல் மௌனமாக இருக்கவும் பழக்க வேண்டும். எங்கள் பாதைகளில் சிக்னல் அப்படித்தானே இருக்கின்றது!

இன்னுமொரு பொறியும் உண்டு. இணையத்தினூடாகப் பதில் வரச் சற்று நேரமெடுக்கும். பரிசோதனை அதுவரை காத்திராவிட்டால், எதையும் பார்க்காமலேயே முடிந்து பச்சை காட்டிவிடும். ஐபோன் செயலிகளுக்கான எக்ஸ்.சி.டெஸ்ட் கருவியில், குறித்த நேர எல்லைவரை பதிலுக்காகக் காத்திருக்கும் வசதியை அப்பிள் 2014 இலேயே சேர்த்துவிட்டது. வசதி இருந்தால் போதாது, பாவிக்கவும் வேண்டும்.

ஆகவே மீதிப் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, சில பரிசோதனைகளாவது உண்மையான சேர்வருக்குப் போகின்றனவா? (அது பரிசோதனைக்கென்றே ஒதுக்கிய தனிச் சேர்வராக இருக்கட்டும், இல்லையேல் பொய் ஓடர்கள் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.) இரண்டு, பதில் வரும்வரை காத்திருக்கின்றனவா? மூன்று, இடையில் இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தீர்களா?

எனது செயலி இப்போது ஒவ்வொரு ஓடருக்கும் தொலைபேசியிலேயே ஒரு தனி இலக்கம் இடுகிறது. அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் சேர்வர் புதிதாகப் பதியாது. பரிசோதனையும் மாறிவிட்டது. ஒரே ஓடரை இரண்டு தடவை அனுப்பிவிட்டு, பரிசோதனைப் புரோகிராமே சேர்வரிடம் நேரடியாகக் கேட்கிறது: "இந்த இலக்கத்தில் எத்தனை ஓடர்?" ஒன்று என்று பதில் வந்தால்தான் பச்சை.

ஸ்டொக் எடுக்கும்போது கொப்பியை மட்டும் பார்த்துவிட்டு நாம் கையெழுத்து வைப்பதில்லை. களஞ்சியத்துக்குள் போய் மூடைகளை எண்ணுகிறோம். செயலிக்கும் அதே நியாயம்தான்.