கருங்கண்ணாடி கிடந்த இடம்

புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையம் கடற்கரையில் காலையில் நடந்தால் கண்ணாடித் துண்டு கண்ணில் படாமல் போகாது. பெரும்பாலும் பாட்டில் துண்டுகள்தான். அலை உருட்டி உருட்டி முனை மழுங்கி, வெளுத்துக் கிடக்கும். எப்போதாவது கருப்பாக, கனமாக, உடைந்த பக்கத்தில் குமிழிப் பொட்டுகளோடு ஒன்று அகப்படும். உடனே கேள்வி வருகிறது: இது வானத்திலிருந்து விழுந்ததா?

நியாயமான கேள்விதான். ஆனால் அதிலேயே ஒரு பிழை இருக்கிறது. விண்கல் மோதிப் பிறக்கும் கண்ணாடி வானத்திலிருந்து வருவதில்லை. அது நம் பூமியின் பாறைதான். நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு பெருங்கல் வந்து இடிக்கும்போது, அடிபட்ட பாறை உருகித் தெறித்து, படிகமாகத் திரள நேரமில்லாமல் இறுகிவிடுகிறது. கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. முற்றிய பாகைத் தண்ணீரில் விட்டால் சட்டென்று இறுகும். தட்டில் போட்டால் டங்கென்று கேட்கும். சர்க்கரைப் பாகையே நூல் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு விளையும். முதலாவது கண்ணாடி, இரண்டாவது படிகம்.

நம் நாட்டில் இதைக் கண்ணால் பார்க்க மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் உள்ள லோணாருக்குப் போக வேண்டும். சுமார் 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம், நடுவே உப்பு ஏரி. 1823-இல் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பதிவு செய்தார். சுற்றிலும் தக்காண எரிமலைப் பாறை. ஆகவே இதுவும் எரிமலை வாய் என்றே நெடுநாள் நினைத்தார்கள். தவறு என்று காட்டியது துளையிட்டு எடுத்த பாறைதான். அதிலிருந்த ஒரு கனிமம், உருகாமலே, அதிர்ச்சியின் அழுத்தத்தால் மட்டும் கண்ணாடியாக மாறியிருந்தது. எரிமலையால் அது முடியாது. 1973-இல் அந்த முடிவு வெளியானது. பள்ளத்தைச் சுற்றித் தெறித்த மண்ணில் கடுகளவும் அதைவிடச் சிறியதுமான கண்ணாடி மணிகள் கிடைத்தன. அவற்றில் அந்தப் பாறைக்கு இயல்பில்லாத அளவு நிக்கல் இருந்தது; அதுதான் வந்து இடித்த கல் விட்டுப்போன தடயம்.

அந்தக் கண்ணாடியே கடிகாரமாகவும் ஆயிற்று. ஒரு முறையில் கணக்கிட்டபோது பள்ளத்தின் வயது சுமார் 52,000 ஆண்டு என்று வந்தது. பிறகு ஆர்கான் வாயுவை அளக்கும் முறையில் சுமார் 5,70,000 என்று வந்தது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! கண்ணாடி கையில் இருந்தும் இவ்வளவு இழுபறி என்றால், கைப்பேசிப் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எப்படி?

பள்ளத்தருகே தங்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து விழுந்த கண்ணாடியும் உண்டு. அதற்கு டெக்டைட் என்று பெயர். சுமார் 7,90,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு மோதலின் துளிகள் வியட்நாம், தாய்லாந்து முதல் ஆஸ்திரேலியா வரை சிதறியிருக்கின்றன. பிறந்த பள்ளம் எது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதன் நுண்மணிகள் இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றிலும் இருக்கின்றன. எரிமலைக் கண்ணாடியில் கொஞ்சமாவது நீர் தங்கியிருக்கும். டெக்டைட்டில் அது ஏறக்குறைய முற்றிலும் வற்றியிருக்கும். இதை ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும்.

நம் கரைக்கு வேறு வரலாறுகள் உண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் வெளியூரிலிருந்து வந்தவை. இரும்பு உருக்கிய கிட்டமும் கருப்பாக, குமிழியோடு, கண்ணாடி போலவே பளபளக்கும். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். கையில் அகப்பட்டது அந்த உலையின் மிச்சமாக இருந்தால், அதன் மதிப்பும் எந்த விண்கல்லுக்கும் குறைந்ததல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். கருங்கண்ணாடி கண்ணில் பட்டால் சுத்தியலால் உடைத்துப் பார்க்காதீர்கள். கிடந்த இடத்திலேயே, சுற்றியுள்ள மண்ணும் கல்லும் தெரியும்படி படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். லோணார் மணிகளுக்கு அவை கிடந்த மண்ணும் சான்றாக நின்றது. பிறகு பக்கத்தில் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையில் கேளுங்கள்.