கொல்ல வேண்டாம், பல்லைப் பிடுங்கினால் போதும்

படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். கிருமியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் குடியிருக்கிறேன், அதுதான் தகுதி :-)

ஊருக்கு வெளியே பட்டான்செரு. அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! மருந்திலேயே குளிக்கும் கிருமிகளில் தாக்குப்பிடிப்பவைதான் பெருகும். அப்புறம் அதே மாத்திரை நமக்குக் கேட்காது.

சரி, கொல்லாமலே கிருமியை அடக்க முடியாதா? அதற்கான விதை நம் நாட்டிலேயே விழுந்தது. 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவர், காலரா கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் நீர் கோத்தது. ஆக, ஆளை வீழ்த்துவது கிருமி கக்கும் நஞ்சு. நஞ்சை முடக்கினால் பல் பிடுங்கிய பாம்புதான். உயிருக்கு ஆபத்தில்லாத கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளர்க்கும் நெருக்கடியும் குறையும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இது வெறும் ஆசை இல்லை. குடலைத் தாக்கும் சி. டிஃபிசில் கிருமியின் நஞ்சைக் கட்டிப்போடும் பெஸ்லோடாக்சுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2016-இல் அனுமதி தந்தது. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்பி வருவது குறைந்தது. ஆனால் 2025 ஜனவரியோடு மெர்க் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. காரணம் வியாபாரம்.

இங்கேதான் வங்கிக்காரன் மூக்கை நுழைக்கிறேன். அபூர்வமாகத் தேவைப்படும் மருந்தை விற்ற எண்ணிக்கையை வைத்து எடைபோட்டால் எந்தத் திட்டமும் தேறாது. தீயணைப்பு நிலையத்துக்கு, தீப்பிடித்த கணக்கைப் பார்த்தா சம்பளம் கொடுக்கிறோம்? இங்கிலாந்து 2022-இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எவ்வளவு பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்று சந்தா முறை கொண்டுவந்தது. நம் அரசும் அப்படிச் செய்யட்டும், நஞ்சை முடக்கும் மருந்துகளையும் அதில் சேர்க்கட்டும். மலிவாக மருந்து தயாரிக்கும் கலை இந்த ஊருக்குத் தெரியும். வாங்க ஆள் இருக்கிறது என்ற உத்தரவாதம்தான் வேண்டும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிய மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதேபோல, ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டி நிறைய ஆன்டிபயாடிக் வாங்கி வந்து, சளி பிடித்தாலே பிள்ளைக்குக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். புது மருந்து வரும்வரை பழசுதான் நமக்குத் துணை.